வகுத்தலும் முடித்தலும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்து மாணவர் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லிக் காலங்கழிக்கும் எம்மை இம்மேடையில் நிறுத்தி, ‘நிர்வாக ஆலோசனைத் தொழிலிற் புகும் நம் பிள்ளைகள் அதனுள் எத்துறையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்?’ என்பது பற்றிப் பேசுமாறு சங்கக் காரியதரிசி அவர்கள் பணித்தபோது யாம் நகைத்தோம். வேற்றுமையும் தொகையும் ஆராய்வார்க்குக் கம்பெனிகளின் இலாப நட்டத்தில் என்ன வேலை? ஆயினும் அவர் விட்டாரில்லை. ‘உம்மிடம் படித்தவர் சிலர் அத்தொழிலில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு நீர் சொன்ன யோசனை பிழைத்தது என்று நீரே சொன்னீர். அதனையே சொல்லும்’ என்றார். பிழை செய்தவனே அதுபற்றிப் பேசுதற்கு உரியவன் என்பது அவர் கருத்துப் போலும். அவ்வுரிமை ஒன்று பற்றியே இங்கு நிற்கின்றோம்.

முதற்கண், இத்தொழில் யாது என்பதை அறியாதார்க்கு விளங்கச் சொல்லுதல் கடமை. நோயுற்றவன் மருத்துவனை நாடுதல் போல, ஒரு கம்பெனி தன் தொழிலில் இடர்ப்பட்டபோதாயினும், வளர விரும்பியபோதாயினும், வெளியிலிருந்து அறிஞர் சிலரைக் கூலிக்கு அமர்த்தி யோசனை கேட்கின்றது. அவ்வறிஞரைத் திரட்டி வைத்திருக்கும் ஸ்தாபனங்களே ‘மேனேஜ்மெண்ட் கன்ஸல்டிங்’ கம்பெனிகள் எனப்படுவன. அவற்றுள் இரு பெரும் பகுதிகள் உண்டு. ஒன்றினை ‘ஸ்ட்ராட்டஜி’ என்பர். மற்றொன்றினை ‘ஆப்பரேஷன்ஸ்’ என்பர். ‘ஸ்ட்ராட்டஜி’ என்னும் சொல் படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. ஆகலின் அதனை வியூகத் துறை என்று யாம் வழங்குவோம். மற்றதனைச் செயன்முறைத் துறை என்போம்.

வியூகத் துறையார் ஆராயும் வினாக்கள் இத்தன்மையன: இப்பண்டத்தை நாம் விற்கலாமா, விடலாமா? வேற்று நாட்டுச் சந்தையிற் புகலாமா? மற்றொரு கம்பெனியை விலைக்கு வாங்கலாமா? செயன்முறைத் துறையார் ஆராய்வன வேறு: இப்பண்டம் செய்ய இத்துணை நாள் ஏன் ஆகின்றது? கிடங்கில் மூன்று மாதச் சரக்கு ஏன் தேங்கிக் கிடக்கின்றது? நூறு உருப்படியில் ஐந்து ஏன் பழுதாகின்றன? சுருங்கச் சொல்லின், முன்னவர் ‘எதனைச் செய்வது?’ என்று கேட்பர். பின்னவர் ‘எவ்வாறு செய்வது?’ என்று கேட்பர்.

இனி எம் பிழைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் படித்த மாணவர் ஒருவர், இயந்திரப் பொறியியல் கற்று, ஆலையொன்றில் மூன்றாண்டு பணியாற்றி, பின் நிர்வாகக் கல்வியும் முடித்து, இரண்டு நியமனக் கடிதங்களுடன் எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஒன்று வியூகத் துறையில், மும்பையில். மற்றொன்று செயன்முறைத் துறையில், சென்னையிலிருந்து ஆலைகளுக்கு அனுப்பப்படுவது. சம்பளத்திற் பெரு வேற்றுமை இல்லை. உடன் வந்த தந்தையார் மளிகைக் கடை நடத்துபவர். அவர் சொன்னது இன்னும் எம் செவியில் நிற்கின்றது: ‘வாத்தியார் ஐயா! இத்தனை படித்தும் மறுபடி ஆலைக்குள்ளேயே போவதானால், இவன் மேற்படிப்புக்கு நான் வாங்கிய கடன் எதற்கு?’ மாணவரோ, ‘ஐயா, எனக்கு ஆலையிற் பழக்கம் உண்டு; எனினும் அதனைத் தாழ்வென்று எல்லாரும் சொல்லுகின்றனர்’ என்றார்.

யாம் சிறிதும் தயங்கவில்லை. ‘அரசனுக்கு அருகிருந்து மதி சொல்லும் அமைச்சன் பெரியவனா, கோட்டைச் சுவர் கட்டுவிக்கும் மேஸ்திரி பெரியவனா? வியூகத்தையே கொள்க’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். தந்தையார் மகிழ்ந்தார். மாணவரும் வணங்கிச் சென்றார். அத்தீர்ப்பு எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். அதற்கு முன், பிழையை உணர்ந்தபின் யாம் கற்ற சில செய்திகளை உங்கள் முன் வைத்தல் வேண்டும். அவற்றை முன்பே கற்றிருப்பின் அவ்வளவு விரைந்து வாய் திறந்திரோம்.

இவ்விரு துறைகளுள் மூத்தது எது என்று வினவின், செயன்முறையே மூத்தது. அமெரிக்க நாட்டிற் பிரெடெரிக் டெய்லர் என்னும் பொறியாளர் (1856–1915) எஃகு ஆலைகளிற் கடிகாரத்தைக் கையிற் பிடித்து நின்று, தொழிலாளி ஒவ்வோர் அசைவுக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தார். ஒருவன் ஒரு நாளில் ஏற்றும் இரும்புக் கட்டிகளைப் பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன்னாக உயர்த்தியதாக 1911-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். அக்கணக்கைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றதும் உண்டு. அவர் முறையைப் படைக்கலச் சாலையொன்றிற் புகுத்தியபோது, அதே 1911-இல், தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அமெரிக்கச் சட்டசபையும் அதனை விசாரித்தது. மனிதனை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக மட்டும் எண்ணுதல் செயன்முறைத் துறைக்குப் பிறவியிலேயே வாய்த்த குற்றம். அதனை அத்துறையிற் புகுவோர் என்றும் நினைவில் வைத்தல் நன்று.

பின்னர், 1926-இல், சிக்காகோ நகரிற் கணக்கியற் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் மெக்கின்ஸி என்பார் தம் பெயரால் ஓர் ஆலோசனைக் கம்பெனி தொடங்கினார். அவருடன் ஆண்ட்ரூ தாமஸ் கியர்னி என்பாரும், சட்டம் பயின்ற மார்வின் பவர் என்பாரும் பின்னர்ச் சேர்ந்தனர். மெக்கின்ஸி இறந்தபின், 1939-இல், அக்குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பவரைச் சார்ந்தோர் கம்பெனித் தலைமையோர் எதிர்நோக்கும் பெருவினாக்களைத் தமக்குரியனவாகக் கொண்டனர். கியர்னியைச் சார்ந்தோர் செயன்முறையிற் புகழ் பெற்றனர். ஒரு கிளை மெக்கின்ஸி பெயராலும் மற்றொன்று கியர்னி பெயராலும் இன்றும் நடைபெறுகின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இருவரும் என்பதைக் கருதுக. வியூகத்தையே தலைச்சரக்காக விற்கும் வழக்கமோ, 1963-இல் புரூஸ் ஹெண்டர்ஸன் என்பார் பாஸ்டன் நகரிற் கம்பெனி தொடங்கிய பின்னரே ஓங்கியது. எனவே நாம் பழம்பெருமை என்று மயங்கும் உயர்வு நேற்று வந்தது.

நிற்க. அந்த மெக்கின்ஸி என்பாருடைய இறுதி ஆண்டுகளே இப்பொருளுக்கு ஒரு பெரும் பாடமாக அமைந்தன. சிக்காகோ நகரில் மார்ஷல் ஃபீல்டு என்னும் புகழ்பெற்ற வணிக நிறுவனம் இருந்தது. சில்லறைக் கடையோடு, ஊர்தோறும் உள்ள கடைக்காரர்க்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரமும் அதற்கு உண்டு. அம்மொத்த வியாபாரத்தைச் செவ்வையாக நடத்தற்பொருட்டு, ஏறத்தாழ 40 இலட்சம் சதுர அடிப் பரப்புள்ள மாபெரும் மாளிகை ஒன்றை எழுப்பி 1930-இல் திறந்தனர். அக்காலத்தில் உலகிலேயே பரப்பிற் பெரிய கட்டடம் அது. ஆயின் என்ன பயன்? சிறு கடைக்காரர் உற்பத்தியாளரிடமே நேராக வாங்கத் தலைப்பட்டனர். பொருளாதார வீழ்ச்சியும் உடன் வந்தது. இறந்துபடும் தொழிலுக்கு எத்துணை அழகிய கிடங்கு கட்டினும் அது பிழைக்குமோ? ‘எவ்வாறு’ என்பதற்கு மிக நல்ல விடை கண்டவர்கள் ‘எதனை’ என்பதைக் கேளாது விட்டனர். வியூகம் இல்லாத செயன்முறைக்கு இஃது எடுத்துக்காட்டு.

அந்நிறுவனத்தார் மெக்கின்ஸியை யோசனை கேட்க அழைத்தனர். மொத்த வியாபாரத்தை விட்டுவிடுக என்று அவர் தெரிவித்தார். அவ்வளவில் நின்றாரல்லர். ‘நீரே தலைவராக வந்து இதனை முடித்துத் தருக’ என்று அவர்கள் வேண்ட, 1935-இல் தலைமையை ஏற்றார். அறிக்கையில் ஒரு வரியாக இருந்தது, அவர் மேசைமேற் பல நூறு மனிதருடைய பிழைப்பாக வந்து விழுந்தது. நெடுநாட் பணியாளர் பலர் விலக்கப்பட்டனர். அவர் மீது மனக்கசப்பு மிகுந்தது. பிறருக்கு யோசனை கூறுவதினும் தாமே தீர்மானித்து நடத்துதல் எத்துணைக் கடிது என்பதை அப்பொழுதே அவர் உணர்ந்ததாகச் சொல்லுவர். 1937-ஆம் ஆண்டு நவம்பரில், நாற்பத்தெட்டாம் வயதில், நுரையீரல் அழற்சியால் இறந்தார். அவர் சொன்ன யோசனை தவறென்று சொல்வாரில்லை. சொல்லுதற்கும் செய்தற்கும் இடையிலுள்ள வழி எத்துணை நீளம் என்பதை அத்தொழிலின் முன்னோரே தம் வாழ்நாளாற் காட்டிச் சென்றார்.

இன்னும் ஒரு செய்தி. ஜப்பானியரின் ஹோண்டா மோட்டார் சைக்கிள்கள் ஆங்கில நாட்டு வண்டிகளை அமெரிக்கச் சந்தையினின்றும் துரத்திய காரணம் என்ன, இனி ஆங்கிலேயர் செய்யத்தக்கது யாது என்று ஆராயுமாறு பிரிட்டிஷ் அரசாங்கம் பணிக்க, மேற்சொன்ன பாஸ்டன் கம்பெனியார் 1975-இல் அறிக்கை தந்தனர். மிகுதியாக உற்பத்தி செய்தலால் அடக்க விலை குறைந்தது, அவ்வலிமை கொண்டு ஜப்பானியர் சந்தையைப் பிடித்தனர் என்பது அதன் சாரம். கற்பார்க்கு அஃது ஒரு சீரிய வியூகமாகத் தோன்றிற்று. சில ஆண்டுகள் கழித்து ரிச்சர்டு பாஸ்கல் என்னும் அறிஞர், அமெரிக்காவில் அவ்வியாபாரத்தைத் தொடங்கிய ஹோண்டாக்காரரையே கண்டு வினவி, அவர்கள் கூறியதை 1984-இல் வெளியிட்டார். அவர்கள் கதை வேறாயிருந்தது. 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கடை திறந்தபோது அவர்கள் பெரிய வண்டிகளையே விற்க எண்ணினர். அவை நெடுந்தூரம் விரைந்து ஓட்டப்பட்டமையால் எண்ணெய் கசிந்தன, கிளட்சு கெட்டது. பழுதான வண்டிகளை ஜப்பானுக்கு அனுப்பிச் சோதித்துத் திருத்தினர். அதற்கிடையே, தாம் கடைவேலைக்கென ஏறித் திரிந்த 50 ஸி.ஸி. சிறு வண்டியைத் தெருவிற் கண்டவர்கள் ‘அது கிடைக்குமா?’ என்று கேட்கத் தொடங்கினர். அவ்வழியே வியாபாரம் பெருகிற்று.

இதனாற் பாஸ்டன் அறிக்கை பொய் என்று கொள்ளற்க. ஆங்கிலேயர் இனிச் செய்வது யாது என்பதே அவர்க்கு இடப்பட்ட வினா. அதற்கு விலைக்கணக்கு இன்றியமையாதது. ஆயினும், மலைமேல் நின்று பார்ப்பவனுக்கு ஆற்றின் போக்கு நேர்க்கோடாய்த் தோன்றும். கரையில் நடப்பவனுக்கே அதன் வளைவுகள் தெரியும். இருவரும் காண்பது ஒரே ஆறு. இஃது யாம் கற்ற இரண்டாம் பாடம்.

இனி எம் மாணவர்க்கு நிகழ்ந்ததைச் சொல்லுவோம். அவர் மும்பையில் ஒன்றரை ஆண்டு பணி செய்தார். ஆறு வாரம் ஒரு கம்பெனிக்கு, எட்டு வாரம் மற்றொரு கம்பெனிக்கு என்று உழைத்தார். கணக்கிற் குறைவில்லை, மேலோர் பாராட்டும் இருந்தது. ஆயினும் பொங்கலுக்கு ஊர் வந்தபோது முகத்தில் ஒளி இல்லை. ‘ஐயா, நான் எழுதியவற்றுள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதே எனக்குத் தெரிவதில்லை. அறிக்கையை ஒப்புவித்த மறுநாளே வேறிடம் போய்விடுகின்றேன்’ என்றார். யாமோ, ‘அமைச்சர் தொழில் அத்தகையது’ என்று சமாதானம் சொன்னோம்.

அன்று மாலை அவர் தந்தையார் கடையில் அமர்ந்திருந்தார். தின்பண்டக் கம்பெனி ஒன்றின் வண்டி வந்து நின்றது. தென் மாவட்டங்களில் அக்கம்பெனி புகலாம் என்று அறிக்கை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். வந்த ஆள் கேட்ட சரக்கைத் தரவில்லை. கேளாத சரக்கை இறக்கினான். தந்தையார் கடிந்து பேசித் திருப்பி அனுப்பிவிட்டு, ‘இவர்கள் பதினைந்து நாளுக்கொரு முறை வருவார்கள். விற்பது வராது, விற்காதது வரும். பழைய பொட்டலத்தை எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். பண்டம் நல்ல பண்டம்தான். ஆனால் ஓராண்டு தாங்காது’ என்றார். மாணவர் வியந்து போனார். ‘விநியோகத்தை வலுப்படுத்துதல் வேண்டும்’ என்று அவ்வறிக்கையில் ஒரே ஒரு வரி இருந்தது. அவ்வொரு வரியே அக்கம்பெனியின் வாழ்வும் சாவும் என்பதை அவர் தந்தையார் கடைப் பலகையிலிருந்து கண்டுகொண்டிருந்தார்.

மாணவர் அதனை விளக்கிச் சொல்லி, ‘அப்பா, அந்த வரியைச் செய்து காட்டுவதே நான் வேண்டாமென்று விட்ட உத்தியோகம்’ என்றாராம். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பின், ‘இதுவா அந்த வேலை? இதை நான் முப்பது ஆண்டாகச் செய்கின்றேனே! இதையா தாழ்வென்று சொன்னேன்?’ என்றாராம். அடுத்த ஆண்டு அவர் செயன்முறைத் துறைக்கு மாறினார். மாறுதற்குச் சிறிது பொருளிழப்பும் உண்டாயிற்று. புதியவர்போற் கீழ்ப்படியினின்றும் தொடங்க நேர்ந்தது. அவ்விழப்பிற்குக் காரணர் யாமே.

அன்றிரவு யாம் திருக்குறளை எடுத்துப் பொருட்பாலின் அதிகார வைப்பை நோக்கினோம். எத்தனை முறை பாடஞ் சொல்லியிருப்போம்! ஆராய்ந்து செயல் தொடங்குதலைக் கூறும் ‘தெரிந்து செயல்வகை’ 47-ஆம் அதிகாரமாக அரசியலில் நிற்கின்றது. ‘வினைத்தூய்மை’, ‘வினைத்திட்பம்’, ‘வினைசெயல்வகை’ என்னும் மூன்றும் 66, 67, 68-ஆம் அதிகாரங்களாக அமைச்சியலில் நிற்கின்றன. அமைச்சன் என்பான் யோசனை சொல்லி அமைபவன் அல்லன். வினையை முடித்துத் தருபவனும் அவனே என்பதன்றோ அவ்வைப்பின் கருத்து? அமைச்சனை உவமை காட்டி மாணவரை வழிதவற விட்ட யாம், அமைச்சியலையே மறந்து பேசினோம். பண்டிதர் என்னும் பெயர் அன்று எமக்குச் சுமையாயிற்று.

இதனால், ‘எல்லாரும் செயன்முறையிலே புகுக’ என்று யாம் சொல்ல வந்ததாக எண்ணற்க. அவ்வாறு சொல்லின் ஒரு பிழையை விட்டு மற்றொரு பிழையைப் பற்றியவராவோம். நம் சங்கத்து அன்பர் ஒருவருடைய மகளார் செயன்முறைத் துறையிலேயே தொடங்கினார். கார்களுக்குச் சைலன்ஸர்க் குழாய் செய்யும் ஆலை ஒன்றிற்கு அவரை அனுப்பினர். இயந்திரத்தில் அச்சு மாற்றும் நேரத்தைப் பாதிக்குமேற் குறைத்தார். தேங்கிய சரக்கைக் கரைத்தார். ஆலையார் விருந்து வைத்துப் பாராட்டினர். ஆனால் அவர் மனத்தில் ஒரு வினா எழுந்தது: மின்சாரக் காருக்குச் சைலன்ஸரே வேண்டாவே, இன்னும் பல ஆண்டு கழித்து இவ்வாலை எதனைச் செய்யும்? இதனைத் தம் குழுத் தலைவரிடம் கேட்டபோது, ‘அஃது நம்மிடம் ஒப்படைத்த வேலை அன்று’ என்று விடை வந்தது. அவர் உள்ளம் அவ்விடையில் அமைதி கொள்ளவில்லை. இன்று அவர் வியூகத் துறையில் இருக்கின்றார். ஆலைத்தரையை அறிந்தவர் என்பதனால் அங்கு அவர் சொல்லுக்கு மதிப்பும் இருக்கின்றது. ஒருவர்க்கு விடுதலையாயிருந்த துறை மற்றவர்க்குச் சிறையாயிற்று. ஆகவே துறையிற் குற்றமில்லை; தேர்ந்த முறையிலேயே குற்றம்.

அங்ஙனமாயின் தேர்வது எங்ஙனம்? எம் மாணவர்களிடம் கேட்டறிந்தவற்றை வரிசையாகச் சொல்லுகின்றோம். இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க.

முதலாவது, பயன் காணும் காலம். வியூக வேலை பெரும்பாலும் சில வாரங்களில் முடிவது. கம்பெனியை வாங்குமுன் செய்யும் ஆராய்ச்சியோ இரண்டு முதல் நான்கு வாரங்களிலும் முடியும். அதன் பயன் விளையச் சில ஆண்டுகள் செல்லும். விளைந்தாலும் அது யார் யோசனையின் பயன் என்று பிரித்தறிதல் அரிது. செயன்முறை வேலை பல மாதம் நீளும். அதன் பயன் பழுதின் எண்ணிக்கையாக, நாட்கணக்காக, கண்முன் நிற்கும். பயனைக் காணாமல் உழைக்கும் பொறுமை உமக்கு உண்டா? அன்றி, ஒரே ஆலையில் ஆறு மாதம் அதே இடரோடு மல்லுக்கட்டும் பொறுமை உண்டா? இரண்டும் பொறுமையே, ஆயினும் வகை வேறு.

இரண்டாவது, உடன் பழகும் மக்கள். வியூகத்தார் கம்பெனித் தலைவர்களோடும் எண் நிறைந்த அட்டவணைகளோடும் பழகுவர். முழுச் செய்தியும் கையில் இல்லாதபோதே துணிந்து ஒரு முடிவு கூறும் ஆற்றல் அவர்க்கு வேண்டும். செயன்முறையார் மேஸ்திரிகளோடும், கிடங்குக் கணக்கரோடும், இரவு ஷிப்டுத் தொழிலாளரோடும் பழகுவர். இருபது ஆண்டு அவ்வியந்திரத்தோடு வாழ்ந்தவனிடம் ‘எனக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்கும் பணிவு அவர்க்கு வேண்டும். ‘ஆளைக் குறைக்க வந்தவன்’ என்னும் ஐயப் பார்வையையும் தாங்குதல் வேண்டும். டெய்லர் காலத்து வடு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது, தங்குமிடம். முன்னவர்க்குப் பெருநகர், பின்னவர்க்குப் பெரும்பாலும் ஆலையுள்ள ஊர். இரண்டிலும் பயணம் மிகுதி, உறக்கம் குறைவு. பெற்றோர் உடல்நிலை, இல்லறப் பொறுப்பு ஆகியவற்றை எண்ணி இதனைத் துணிக. இது சிறிய செய்தி என்று தள்ளற்க.

நான்காவது, பின்னாளிற் செல்லும் வழி. வியூகம் பயின்றார் கம்பெனிகளின் திட்டப் பகுதிக்கும், முதலீட்டு நிறுவனங்களுக்கும், சொந்தத் தொழிலுக்கும் செல்லுகின்றனர். செயன்முறை பயின்றார் ஆலைத் தலைமைக்கும், கொள்முதல், சரக்கு விநியோகம் ஆகியவற்றின் தலைமைக்கும் செல்லுகின்றனர். இருபது ஆண்டு கழித்து எந்நாற்காலியில் அமர விரும்புகின்றீர் என்று உம்மையே கேளும்.

ஐந்தாவது, கடிதத்தை வாசித்தல். ‘ஆப்பரேஷன்ஸ்’ என்று கடிதத்தில் எழுதியிருப்பினும், சில இடங்களில் அது ஆலோசனை வேலையே அன்று. அவ்வாலோசனைக் கம்பெனியின் சொந்த அலுவலக நிர்வாகமாக இருக்கும். ‘ஸ்ட்ராட்டஜி’ என்று எழுதியிருப்பினும், சில இடங்களில் மென்பொருள் நிறுவும் வேலையாக முடியும். இன்னும் சில கம்பெனிகள் முதல் இரண்டு மூன்று ஆண்டு எத்துறையிலும் சேர்க்காமல் எல்லா வேலையும் பழக்குகின்றன. அவ்வாய்ப்புக் கிடைப்பின் அது பேறு. எனவே, ‘சென்ற ஆண்டு இப்பதவியிற் சேர்ந்தவர் என்ன வேலை செய்தார்? எவ்வூரில் இருந்தார்?’ என்று கேட்டு விடை பெற்ற பின்னரே கையொப்பமிடுக.

இவ்வளவு சொன்னபின் மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். இவ்விரு துறைகளுக்கும் இடையே நின்ற சுவர் மெலிந்து வருகின்றது. வியூக ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் போர்ட்டர் முதலியோர் 1983-இல் தொடங்கிய மானிட்டர் என்னும் வியூகக் கம்பெனி, 2012-இல் கடன் தீர்க்க மாட்டாது திவாலாயிற்று. 2013-இல் டெலாய்ட் என்னும் பெருநிறுவனம் அதனை வாங்கியது. புஸ் என்னும் பழைய ஆலோசனைக் கம்பெனியை 2014-இல் பி.டபிள்யூ.ஸி. நிறுவனத்தார் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். பிறர்க்கு வியூகம் விற்றவர்க்கே தம் வீட்டு வியூகம் தவறியதை எண்ணுமிடத்து, பெயரின் ஒலி கண்டு மயங்குதல் எத்துணைப் பேதைமை என்பது விளங்கும். யோசனை கேட்போர் இக்காலத்தில், ‘சொல்லியதைச் செய்தும் காட்டுக’ என்று கேட்கின்றனர். செய்தி திரட்டுதலும் அட்டவணை வரைதலும் ஆகிய தொடக்க வேலைகளிற் பலவற்றைக் கணினியின் செயற்கை நுண்ணறிவு செய்யத் தலைப்பட்டிருக்கும் இந்நாளில், நேரிற் கண்டறிந்த அறிவுக்கே விலை மிகும் என்பது எம் துணிபு.

செயன்முறையிற் சிறப்புறுதல் நமக்கு அயலான செய்தியும் அன்று. டெமிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-இல் ஜப்பான் சென்று பண்டங்களின் தரம் காத்தல் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவர் பெயரால் ஜப்பானியர் 1951 முதல் பரிசு வழங்கி வருகின்றனர். அப்பரிசை 1998-இல் இந்திய நாட்டிலேயே முதன்முதற் பெற்றது, சென்னையை அடுத்த பாடியில் அந்நாளில் இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பகுதியாகும். ஆலைத்தரையில் நின்று ‘எவ்வாறு’ என்று கேட்டவர்களின் வெற்றி அது. அதனைத் தாழ்வென்று எண்ணுதற்கு நமக்கு யாதொரு நியாயமும் இல்லை.

பெற்றோர்களே! உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கலியாணப் பேச்சின்போது ‘பையன் என்ன உத்தியோகம்?’ என்று கேட்கின்றோம். ‘ஸ்ட்ராட்டஜி’ என்றால் நிமிர்ந்து உட்காருகின்றோம். ‘ஆலைக்குப் போகின்றான்’ என்றாற் சற்றே சாய்கின்றோம். அச்சாய்வை நம் பிள்ளைகள் காண்கின்றனர். அதற்கு அஞ்சியே தம் இயல்புக்கு ஒவ்வாததைத் தேர்கின்றனர். நம் முன்னோர் கடை நடத்தினர், தறி நெய்தனர், வயல் உழுதனர். எந்நாளில் எதனை விதைப்பது என்று எண்ணியவரும் அவரே, விதைத்தவரும் அவரே, களத்தில் நின்று அளந்தவரும் அவரே. எண்ணுபவன் மேல், செய்பவன் கீழ் என்னும் பிரிவை அவர்கள் அறியார். அதனை நாம் நம் வீட்டுக்குள் புகவிட வேண்டா.

இளைஞர்களே! ‘எதனை’ என்னும் வினா உம்மை இரவில் உறங்கவிடாது எழுப்புமாயின் வியூகத்திற் புகுக. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நீர் எழுதிய அறிக்கையின் கதியை நேரிற் சென்று காண்க. ‘எவ்வாறு’ என்னும் வினா உம்மை எழுப்புமாயின் செயன்முறையிற் புகுக; ஆனால் ‘இதனை ஏன் செய்கின்றோம்?’ என்று கேட்பதை விடாதீர். எந்த வினா எழுப்புகின்றது என்பது இன்னும் தெரியவில்லையாயின், முதலிற் கரையில் நடந்து பின் மலை ஏறுதல் எளிது என்பது எம் மாணவர் இருவரும் ஒருமுகமாய்ச் சொன்ன சொல். அதனையும் கட்டளையாகக் கொள்ளாது, கேட்டு எண்ணிப் பார்க்க. எம் கட்டளையின் பயனை ஒருமுறை கண்டது போதும்.

முடிவாக ஒன்று. அத்தந்தையார் இப்பொழுதும் கடையில் அமர்ந்திருக்கின்றார். மகனார் மாதம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, ‘அப்பா, அந்த வண்டி இப்போது சரியான சரக்குடன் வருகின்றதா?’ என்று கேட்கின்றாராம். சென்ற வாரம் யாம் அக்கடைக்குச் சென்றபோது அவர் எம்மை நோக்கி, ‘வாத்தியார் ஐயா! என் பிள்ளை இப்போது என்னிடம் யோசனை கேட்கின்றான்’ என்று சொல்லிச் சிரித்தார். எம் பிழையை அவர் மன்னித்துவிட்டார் என்று அறிந்தோம். எம் பிழையால் உங்களுள் ஒரு குடும்பமாவது தெளிவு பெறுமாயின், அப்பிழையும் பயனுடையதாகும்.